உறவு நிலுவை: ஊரடங்குக்குப் பின் ஓய்வூதியத் தம்பதியர் ஊர்சுற்றுவது பற்றிய ஓர் ஆய்வு

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களை ஓதல், பகை, தூது, பொருள் முதலியனவாகத் தொல்காப்பியம் வகுத்துக் காட்டுகிறது. பேரன் முகம் பார்க்கப் போவது அதில் இல்லை. அகத்திணைத் தலைவனுக்கு ஓய்வு பெறும் வயது வராததே காரணமாகலாம். கடல் கடந்து போகிறவன் பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கமில்லை என்றும் அந்நூல் சொல்லும். மகளுக்குப் பிரசவம் பார்க்க நியூ ஜெர்சிக்கு விமானம் ஏறும் தாய்மாரை அந்நூலாசிரியர் கண்டிருக்க நியாயமில்லை. ஆகவே, அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் பிரியாமல், சேர்ந்தே, சண்டை போட்டுக்கொண்டே போய்வரும் பயணத்துக்கு இலக்கணம் வகுக்கும் பொறுப்பு இந்த ஆய்வாளன் தலையில் விழுந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பாளையங்கோட்டையில் எங்கள் எதிர்வீடு. அண்ணாச்சி அஞ்சல் துறையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மதினி பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். தரவு திரட்டும் முறை எளிது. அவர்கள் ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி ஆய்வாளனிடம் இருக்கும். சாவி வாங்க வருகிறவர்கள் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசுவார்கள். உட்காரச் சொன்னால் ‘நேரமாச்சு’ என்பார்கள்.

இனி கோட்பாடு. 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை 18 மாத அகவிலைப்படி உயர்வை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. பிறகு உயர்வைக் கொடுத்தது, நிலுவையைக் கொடுக்கவில்லை. அண்ணாச்சி இன்றைக்கும் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது அந்தச் செய்தியைத்தான். அதே காலத்தில் இன்னொரு நிலுவையும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கிய பிறகு மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். கல்யாணம், சாவு, வைத்தியம் என்று காரணம் காட்ட வேண்டும். ‘சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு’ என்ற காரணம் செல்லாது. உறவில் நடக்கும் போக்குவரத்தில் முக்கால்வாசி அந்தச் ‘சும்மா’தான். அரசாங்கம் நிலுவையைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போகலாம். சங்கரன்கோவில் சித்தி செய்ய மாட்டாள். உறவு நிலுவைக் கோட்பாடு என்பது இவ்வளவுதான்.

இ-பாஸ் 2020 செப்டம்பரில் போய்விட்டது. பயம் போகவில்லை. அறுபது கடந்தவர்களுக்கு 2021 மார்ச்சில் ஊசி போட ஆரம்பித்து, இரண்டாம் அலையும் ஓய்ந்த பிறகே எதிர்வீட்டுப் பெட்டி பரணிலிருந்து இறங்கியது.

நிலுவையில் முதலில் தீர்க்க வேண்டியது துட்டி. இறந்த வீட்டுக்கு மறுநாளோ, பதினாறுக்குள்ளோ போவதற்கு நம்மிடம் முறை இருக்கிறது. ஒன்றரை வருஷம் கழித்துப் போவதற்கு இல்லை. தூத்துக்குடியில் மதினியின் பெரியப்பா மகன் முதல் அலையில் தவறிப்போனவர். தெருமுனை திரும்பும்போதே மதினி முந்தானையைக் கையில் எடுத்துவிட்டார். உள்ளே இறந்தவரின் மனைவி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைக் கண்டதும் ரிமோட்டைத் தேடி, அகப்படாமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதினியைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு காப்பி வந்தது, கூடவே முறுக்கும். சிக்கல் கிளம்பும்போது வந்தது. துட்டி வீட்டில் ‘போய்ட்டு வாரோம்’ என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போக வேண்டும். ஆனால் அதற்குள் பேத்தி காதுகுத்துப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். சொல்லாமல் போனால் விசேஷத்தை மதிக்கவில்லை என்றாகும். அண்ணாச்சி வாசலில் குனிந்து, போட்டிருந்த செருப்பையே தேடுவதுபோல் தேடி, ‘சரி, அப்பம்’ என்றார். இரு தரப்பு மரபுக்கும் பழுதில்லாத விடைபெறல் இதைவிட வேறு இருப்பதாக ஆய்வாளனுக்குத் தோன்றவில்லை.

கல்யாண நிலுவை இவ்வளவு கஷ்டமில்லை, கணக்குச் சிக்கல்தான். மண்டபத்தில் ஐம்பது பேர் என்று கட்டுப்பாடு இருந்த நாளில் நடந்த கோவில்பட்டிக் கல்யாணத்தை அண்ணாச்சி வேட்டி சட்டை மாற்றி உட்கார்ந்து யூடியூப்பில் பார்த்தார். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுபோனது. பிறகு நேரில் போனபோது மணப்பெண் இடுப்பில் குழந்தை இருந்தது. கொண்டுபோன கவர் கல்யாண மொய்யா, குழந்தை பார்த்த பணமா? ஒரு தலைப்பில் வந்ததை இன்னொரு தலைப்பில் எழுதும் பழக்கம் அண்ணாச்சிக்குப் பணியிலேயே கிடையாது. இரண்டு கவர் போனது.

பயணச் செலவைப் பொறுத்தவரை, ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச் 20இல் நிறுத்தப்பட்டது, திரும்பவில்லை. முன்பு ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி. தனக்கு மட்டும் ஏன் பத்து குறைவு என்று அண்ணாச்சி வெகுகாலம் குறைபட்டு வந்தார். இப்போது அந்த வீட்டில் சமத்துவம் நிலவுகிறது. மதினி இதிலிருந்து வேறு முடிவுக்கு வந்தார்: “முழு டிக்கெட் வாங்குதோம்லா, முழுச் சாமானும் கொண்டுபோவோம்.” படுக்கை வசதிப் பெட்டியில் ஆளுக்கு 40 கிலோ இலவசம் என்ற விதியை அவர் தேடிப் படித்திருந்தார்.

சென்னையில் மகன் வீட்டுக்குப் போக நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிய கட்டைப்பைகளில் கூழ் வத்தல், மோர் மிளகாய், உடன்குடிக் கருப்பட்டி, அல்வா, திரித்த மல்லிப்பொடி ஆகியவை இருந்தன. ‘இதெல்லாம் மெட்ராஸ்லயே கிடைக்குமே அத்தை’ என்று மருமகள் சொன்னதை மதினி இன்னும் மன்னிக்கவில்லை. திரும்பி வரும்போது பை காலியாக இருக்கும் என்று இயற்பியல் தெரிந்தவர்கள் எதிர்பார்க்கலாம். கழுவிய ஊறுகாய் பாட்டில்கள், மகனுக்குச் சிறுத்துப்போன சட்டைகள், அண்ணாச்சிக்கென்று பழைய செல்போன், யாருக்கும் வேண்டாத மிக்சி ஜார் என்று போன எடைக்குக் குறையாமல் அது வந்து இறங்கியது.

கடைசியாக, ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்’ என்ற தொடர். ஆய்வுலகம் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. காலைக் காப்பியோடு சொல்லப்பட்டால் அது அழைப்பு. வழிக்குப் புளியோதரை கிளறி, வாழையிலை வாட்டிப் பொட்டலம் கட்டிய பின் சொல்லப்பட்டால் அது மரியாதை. அண்ணாச்சிக்கு இந்த வேறுபாடு அத்துபடி. போகிற டிக்கெட்டோடு வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுப்பவர். இந்த முறை சென்னையில் மருமகள், கையில் பொட்டலத்தோடு, அந்தத் தொடரைச் சொன்னார். மதினி அதை அழைப்பு என்று கொண்டார். டிக்கெட் ரத்தாயிற்று. புளியோதரையை ராத்திரியும் மறுநாள் காலையும் மகன் வீட்டிலேயே எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று போனில் தகவல். அடுத்து எடுத்த டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறது.