ஊவா மலைகளில் சைக்கிள் டயரின் சுகமும் ஆயுளும்: ஒரு முன்னாய்வு

மலையகத்தின் தேயிலை, கங்காணி, லயம், குடியுரிமை எல்லாவற்றையும் பற்றி ஆய்வாளர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். சைக்கிள் டயரை மட்டும் சீந்துவாரில்லை. அக்குறை தீர்க்கவே இவ்வாய்வு.

முதலில் களம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200ஐயும் அப்புத்தளை 1,400ஐயும் தாண்டுகின்றன. 1924இல் பதுளைக்கு வந்த ரயிலே, தெமோதரையில் தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் புகுந்துதான் இறங்குகிறது. அப்படியிருக்க, சைக்கிளின் கதி சொல்ல வேண்டுமா? இறக்கத்தில் அது ஆளைச் சுமக்கும். ஏற்றத்தில் ஆள்தான் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆகவே டயரின் சுகத்தை இறக்கத்தில் மட்டுமே அளக்கலாம். ஏற்றத்தில் அளப்பது முறையியல் பிழை.

கால்நடை வைத்தியர் டன்லொப், பெல்ஃபாஸ்டில் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குவதைப் பொறுக்காமல் காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் காப்புரிமையும் பெற்றார். அந்த ஐயாவுக்கு நமது தோட்டத்துக் கல்ரோட்டைக் காட்டியிருந்தால் முயற்சியைக் கைவிட்டு மாட்டு வைத்தியத்தோடு நின்றிருப்பார்.

இத்துறை அறிஞர் இருவகைப்படுவர். 28×1½ டயர் போட்ட பெரிய சைக்கிள்காரர் ஒருவகை, 26×1.95 போட்ட மவுண்டன் சைக்கிள் தம்பிமார் மறுவகை. முன்னவர் கட்சி, டயர் கல்லாக இருந்தால்தான் உழைக்கும் என்பது. காற்றை இறுக அடித்துக்கொண்டு இறங்குவார். கீழே வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். தம்பிமார் அகன்ற டயரில் காற்றைக் குறைத்து மெத்தென்று வருவார்கள். ஆனால் குறைப்பதற்கும் ஓர் அளவு உண்டு. கல்லின் விளிம்பில் சக்கரம் மோதும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கும். கழற்றிப் பார்த்தால் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டைகள்! "ஆணியும் இல்ல, முள்ளும் இல்ல, எப்படி அண்ணே?" என்று கேட்கும் தம்பியிடம் பஞ்சர் கடைக்காரர் வாய் திறப்பதில்லை. டயரைப் பெருவிரலால் ஒரு முறை அமுக்கிக் காட்டுவார். இத்துறையில் இன்றுவரை இதைவிட மலிவான அளவுகருவி கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆயுள் பற்றிய ஆய்வு சிக்கலானது. பாரமெல்லாம் பின்பக்கம் என்பதால் பின் டயரே முதலில் தேயும். இறக்கத்தில் பின் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கிச் சறுக்கினால், ஒரே இடத்தில் தேய்ந்து மொட்டையாகும். அப்போது முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னுக்குப் போடுவதே முறை. இறக்கத்தில் முன் டயர் வெடித்தால் கொழுந்து மலைக்குள்தான் போய் விழ வேண்டும்.

சைக்கிளை விட்டுக் கழன்றதும் டயர் செத்துவிட்டது எனக் கருதுவது நகரத்து மடமை. லயத்துப் பையன் அதை ஒரு குச்சியால் தட்டி ஓட்டும்போது இரண்டாம் பிறவி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வாசம் கொடுக்கும் அதே வறண்ட காற்று, லயத்துக் கூரைத் தகரத்தையும் தூக்கப் பார்க்கும். கற்களோடு பழைய டயர்களும் மேலே ஏறுவது மூன்றாம் பிறவி. எந்தக் கம்பனி விளம்பரமும் இப்பிறவியைக் கணக்கில் எடுத்ததில்லை. பஞ்சர் இல்லை, காற்றடிக்கத் தேவையில்லை, தேய்மானமும் இல்லை. லயத்துக் கூரைகள் ஒன்றரை நூற்றாண்டுத் தேயிலைக்குப் பிறகும் ஏன் டயரை நம்பியிருக்கின்றன என்பது வேறொரு துறையாரின் ஆய்வுக்குரியது. அவர்கள் அவசரம் காட்டுவதாகத் தெரியவில்லை.

தீர்ப்பு: கல்ரோட்டுக்கு அகன்ற டயர், அளவான காற்று. ஒரே ஓர் எச்சரிக்கை. 26×1⅜, 26×1.95 இரண்டும் "இருபத்தாறு" என்றே விற்கப்படும். ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. முன்னதன் உள்விட்டம் 590 மில்லிமீற்றர், பின்னதன் உள்விட்டம் 559. டயரின் பக்கவாட்டில் அந்த எண் அச்சிட்டிருக்கும். பதுளை டவுனுக்கு இறங்குமுன் பழைய டயரில் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி வாங்கிவிட்டால் திரும்ப ஏற வேண்டியது நீங்கள்தான்.