மூன்றாம் முறை வரும் புழுதி

கேள்வி: புழுதிப் புயலும் காட்டுத் தீயும் இயற்கையின் வேலை. அதற்குக்கூட அமெரிக்காவில் மாநிலங்களிடம் திட்டம் கேட்கிறார்களாமே? காற்றுக்குக் கடிவாளம் போட முடியுமா?

பதில்: காற்றுக்கு முடியாது, சாக்குப்போக்குக்குப் போடலாம். புயல் நாளின் மாசு அளவை ‘அசாதாரண நிகழ்வு’ என்று நிரூபித்தால் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை அங்கே உண்டு. நியாயமான சலுகைதான். ஆனால் நுரையீரலுக்குக் கழித்தல் கணக்கு தெரியாதே!

அதனால்தான் 2016-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதியைத் திருத்தியது. ஒரே வகை நிகழ்வு 3 ஆண்டுகளில் 3 முறை வந்தால், அந்தப் பகுதிக்கு 2 ஆண்டுக்குள் தணிப்புத் திட்டம் தர வேண்டும். விருந்தாளிக்கே மூன்று நாள்தான் மரியாதை. மூன்று முறை வந்த புழுதியை இன்னும் எதிர்பாராத விருந்தாளி என்றா சொல்வது?

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரைப் பாருங்கள். 2011 ஜூலை 5 அன்று அதை மூடிய புழுதிச் சுவர் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம். காற்று இயற்கைதான். ஆனால் அந்த ஊர்ப் பக்கம் அது அள்ளிவரும் மண்ணில் தரிசு வயல், கட்டுமான மனை, தார் காணாத சாலை என்று மனிதர் கிளறிவிட்டதும் கலந்திருக்கிறது. தண்ணீர் தெளிக்கலாம், சாலை போடலாம், பலத்த காற்று நாளில் மண் வேலையை நிறுத்தலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, மக்களை முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடு திட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது. ஆஸ்துமா பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு அதுதானே முதல் மருந்து! வரைவை 30 நாள் மக்கள் கருத்துக்கும் வைக்க வேண்டும். கெடு தாண்டியும் திட்டம் வரவில்லையா? அந்தக் கழித்தல் சலுகைக்கு ஒப்புதல் கிடையாது.