மார்க்கிங் ஸ்கீம் கேட்டு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தஞ்சக் கோரிக்கை நேர்முகப் பிரிவு, பிரித்தானிய உள்துறை அமைச்சு.

பொருள்: அசைலம் இன்டர்வியூவுக்கான பாடத்திட்டம், கடந்தகால வினாத்தாள்கள், மார்க்கிங் ஸ்கீம் ஆகியவற்றை வெளியிடக் கோருதல்.

கனம் ஐயா அல்லது அம்மணி,

யாழ்ப்பாணத்தில் ஓ.எல். பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்துச் சீவித்தவன் நான். இப்போது லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். படிப்பித்தலை நான் விட்டாலும் அது என்னை விடுவதாயில்லை. எங்கள் ஆட்களை உங்களுக்கு இத்தனை வருடத்தில் தெரிந்திருக்கும். சோதனை என்று ஒன்று இருந்தால் அதற்கு டியூஷன் இல்லாமல் இருக்கக்கூடாது. ஆக, சனிக்கிழமை பின்னேரங்களில் மகளின் குசினி மேசையில் ஒரு வகுப்பு நடக்கிறது. மாணவர்களுக்கு வயது இருபதும் இருக்கும், அறுபத்தைந்தும் இருக்கும். பாடம், உங்கள் இன்டர்வியூ.

பதறவேண்டாம். பதிவில்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். சட்டம் சொல்வது சொலிசிட்டரின் வேலை. கதை கட்டிக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. என்னிடம் வருகிறவர்களிடம் கதை வேண்டிய மட்டும் இருக்கிறது. அது உண்மையாக இருப்பதால்தான் டியூஷன் தேவைப்படுகிறது. பொய் சொல்ல வருகிறவன் அதைத் திகதி வரிசையில் அடுக்கித்தான் காசு கொடுத்து வாங்கியிருப்பான்.

உங்கள் முதல் தாளுக்கு முதலில் ஒரு பாராட்டு. நாட்டுக்குத் திரும்ப முடியாமைக்கான எல்லாக் காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லும்படி ஸ்கிரீனிங் இன்டர்வியூவில் ஒரு கேள்வி வருகிறது. எல்லாக் காரணங்களையும், ஆனால் சுருக்கமாக. இதைத் தயாரித்தவரின் கைக்கு மோதிரம் போடலாம். வினாத்தாள் தயாரித்தே தலை நரைத்த எனக்கு இப்படி ஒன்று அமையவில்லை. நித்திரையில்லாமல், ஏறி வந்த வாகனத்தின் நாற்றம் சட்டையை விட்டுப் போகாமல், குரொய்டனில் வரிசையில் நின்று உள்ளே போனவன் என்ன சொல்லுவான்? "ஆமி பிடிச்சது, அடிச்சது, திரும்பிப் போனா பிடிக்கும்." சுருக்கத்துக்கு முழுப் புள்ளி. இரண்டாம் தாள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பிந்தி வரும். அங்கே அவன் ஆறுதலாக எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினால் முதல் தாள் மேசைக்கு வந்துவிடும்: இதை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை? ஆகவே என் முதல் கோரிக்கை. அந்தக் கேள்விக்கு எத்தனை வரியில் விடை எழுதவேண்டும் என்று ஓரத்தில் போட்டுவிடுங்கள். எங்கள் பரீட்சைத் திணைக்களம்கூட அதைச் செய்யும்.

அடுத்தது திகதி. இதில்தான் என் வகுப்பின் பெரும்பகுதி நேரம் போகிறது. ஒரு நாள் ஒத்திகையை அப்படியே தருகிறேன். எனக்கு எதிரில் கோண்டாவில் பக்கத்து அண்ணை ஒருவர். நான்தான் அதிகாரி, அதற்காக மூக்குக்கண்ணாடியும் போட்டிருக்கிறேன்.

"உங்கட தம்பியை எந்தத் திகதியில கொண்டு போனவங்கள்?"

"ஏ9 பூட்டினதுக்கு அடுத்த கிழமை, மாஸ்டர். வெள்ளிக்கிழமை. அம்மா விரதம். வாழைக்காய்க் கறி வைச்சவ."

"திகதி?"

"கேர்பியூ நேரம் எண்டபடியா தேங்காய் வாங்க ஏலாமப் போச்சு. பாலில்லாமத்தான் வைச்சவ. அவன் கோப்பையில கையை வைக்க, படலையில சத்தம்."

"திகதி, அண்ணை, திகதி."

"அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன்!"

ஏ9 பாதை முகமாலையில் பூட்டப்பட்டது 2006 ஓகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளி, 18. வரலாற்று வாத்தியார் என்ற முறையில் இந்தக் கணக்கை நான் செய்து கொடுத்தேன். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது, மே 18 முள்ளிவாய்க்கால். இந்த முளைகளில் கயிற்றைக் கட்டித்தான் எங்கள் சனம் தங்கள் சீவியத்தை அளக்கிறது. கிழமை தெரியும், விரதம் தெரியும், என்ன கறி என்பது தெரியும். 18/08/2006 மட்டும் தெரியாது. உங்கள் தாளில் வாழைக்காய்க்குப் புள்ளி இருக்கிறதா? நான் விசாரித்த அளவில் இல்லை. எனவே அதை வெட்டிவிட்டோம். இப்போது அண்ணையை எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் "பதினெட்டு, எட்டு, இரண்டாயிரத்து ஆறு" என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்லுகிறார். அவர் அப்படிச் சொல்லும்போது, ஐயா, எனக்கே அவரை நம்பமுடியவில்லை.

என் சங்கடம் இதுதான். திகதி தடுமாறினால் முன்னுக்குப் பின் முரண் என்று எழுதுகிறீர்கள். தடுமாறாவிட்டால் பாடமாக்கிக்கொண்டு வந்தது போலிருக்கிறது. விவரம் குறைந்தால் தெளிவில்லை. கூடினால், கண்ணைக் கட்டியிருந்தபோது அறைக்குள் எத்தனை பேர் நின்றார்கள் என்பது உமக்கு எப்படித் தெரியும்? பிடிபடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான்: சப்பாத்துச் சத்தத்தை எண்ணிக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணியதாகச் சொல்லாதேயுங்கள். அழுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். எந்தக் கேள்விக்கு அழலாம், எவ்வளவு நேரம்? அதிகாரி டிஷூப் பெட்டியைத் தள்ளி வைத்தால் அது புள்ளியா, இல்லாவிட்டால் வெறும் மரியாதையா? இதற்கெல்லாம் மொடல் விடை இல்லாமல் ஒரு வாத்தியார் எப்படி வகுப்பு நடத்துவது?

பெண்களுக்கான பாடத்தை மகள் மேல்மாடியில் எடுக்கிறாள். கணவன்மார் கீழே என்னோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். மேலே என்ன பேசப்படுகிறது என்று நாங்கள் ஒருவரும் கேட்பதில்லை. பெண் அதிகாரிதான் வேண்டும் என்று கேட்கலாம் என உங்களிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு நன்றி, இது பகடியில்லை.

பெயர் விஷயத்தை இங்கே நீட்டவில்லை. தகப்பன் பெயர் முன்னுக்கு வந்த ஒரே காரணத்தால், ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் ஐந்து வம்சமாக உங்கள் கொம்பியூட்டரில் சிதறிக் கிடக்கிறார்கள். அதைத் திருத்த நாங்கள் கேட்கவில்லை. ஆண்டவன் விட்ட வழி.

எழுத்துத் தாள் போக உங்களிடம் செய்முறைப் பரீட்சையும் உண்டு: தழும்பு. கேவி என்ற இரண்டு எழுத்தால் மட்டும் அறியப்படுகிற எங்கள் ஆள் ஒருவர், காய்ச்சிய இரும்பால் சுட்ட தழும்புகளைக் கையிலும் முதுகிலும் காட்டினார். வைத்தியர்களும் பார்த்து அறிக்கை எழுதினார்கள். ஆனால் அவை அவரே சொல்லி இன்னொருவரைக் கொண்டு போடுவித்த சூடாக இருக்கலாம் என்று மேல் தீர்ப்பாயம் கருதியது. பரீட்சையில் ஆள்மாறாட்டம் கேள்விப்பட்டிருக்கிறேன். சூடு வாங்குவதில் இப்படி ஒரு கூட்டுமுயற்சி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. விசாவுக்காக ஒருவர் இப்படித் தன்னைச் சுடுவிப்பது மிக மிக அபூர்வம், அதை மனத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றது. எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, நீதிமன்றத் தட்டு ஒவ்வொன்றாக ஏறி உச்சிக்குப் போன பிறகுதான் எடுபட்டது.

இனிப் பாஸ் மார்க். வரலாற்றுக்காரன் என்பதால் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன், பொறுத்தருள்க. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் எங்கள் ஆட்களைத் திருப்பி ஏற்றப் பார்த்தபோது அவர்கள் ஓடுபாதைப் பக்கமாக நின்று உடுப்பைக் கழற்றிப் போட்டார்கள். அந்த வருடமே, தகுந்த கடதாசி இல்லாத பயணியைக் கொண்டுவரும் விமானக் கொம்பனிக்கு ஆளுக்கு 1000 பவுண் தண்டம் என்று சட்டம் போட்டீர்கள். டிசம்பரில் பிரபுக்கள் சபை, இதுவும் எங்கள் ஆட்களின் வழக்குத்தான், ஆபத்து நேர நியாயமான அளவு சாத்தியம் இருந்தால் போதும் என்று பாஸ் மார்க்கை நிர்ணயித்தது. அதே தீர்ப்பில் வழக்காடியவர்கள் பெயில். 1988 பெப்ரவரியில் அவர்களில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினீர்கள். போன இடத்தில் பிடிபட்டு அடிபட்டதாகச் சிலர் சொன்னார்கள். 1989இல் மேன்முறையீட்டில் ஐந்து பேரும் தஞ்சத்துக்கு உரியவர்கள்தான் என்று முடிவாகித் திரும்பவும் லண்டனுக்கு வந்தார்கள். அனுப்பியதில் பிழையில்லை என்று 1991இல் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் உங்கள் பக்கம் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மீள்மதிப்பீட்டில் சித்தியடைந்த பிள்ளையை முதல் திருத்தியவர் பெயில் போட்டதும் சரியே என்ற அந்தத் தீர்ப்பை, எந்தத் திணைக்களமும் சட்டகம் போட்டு மாட்டிவைக்கும்.

2022 ஜூன் 28 முதல் தஞ்சம் கோரியவர்களுக்குப் பாஸ் மார்க் மாறிவிட்டது. அடி விழக்கூடிய சாத்தியத்துக்குப் பழைய புள்ளியே. ஆனால் தான் உண்மையில் பயப்படுகிறான் என்பதை அவன் பாதிக்கு மேல் நிரூபிக்கவேண்டும். "அப்ப பயந்தமாதிரி இருக்கவோ, மாஸ்டர்?" என்று ஒரு பொடியன் கேட்டான். உங்கள் அறைக்குள் வரப் பயப்படுவது வேறு, அந்தப் பயத்துக்கு மார்க்ஸ் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். ஊரில் ஆமிக்குப் பயம் என்றால் அதை வெளியில் காட்டாமல் நடந்து பழகி உயிர் தப்பியவன் அவன். அந்தப் பழக்கத்தை மறக்கடிக்க எனக்கு இரண்டு வகுப்பாவது வேண்டும்.

பெறுபேறு வரும்வரை உங்கள் உபசரிப்பைப் பற்றியும் ஒரு சொல். தானே சமைக்கிறவருக்குக் கிழமைக்கு 49 பவுண் 18 பென்ஸ் என்று 2024இல் வைத்தீர்கள். வேலை செய்யக்கூடாது. பன்னிரண்டு மாதம் தாண்டியும் முடிவு வராவிட்டால், அதுவும் அவருடைய பிழையால் பிந்தியிராவிட்டால், அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் உங்கள் பட்டியலில் உள்ள தொழில்தான். அந்தப் பட்டியலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தேர்ச்சிபெற்ற பாலே நடனக்காரர் இருந்தார். கோண்டாவில் அண்ணைக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர் தன் முழங்காலை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

கடைசியாக ஒரு படிவம் தொடர்பான கோரிக்கை. இதை மட்டும் அவசரமாகக் கவனிக்கவும், ஏனென்றால் வருகிற வியாழக்கிழமை என் மாணவர் ஒருவருக்குத் தாள் இருக்கிறது. அவர் முகாமிலிருந்து வெளியே வந்தது லஞ்சத்தால். தாய்மாமன் காணி ஈடுவைத்து, இடையில் ஓர் ஆளைப் பிடித்து, காசைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். தேடப்படுகிறவர் என்றால் எப்படி விட்டார்கள், கட்டுநாயக்காவால் எப்படி ஏறினார் என்று நீங்கள் கேட்பீர்கள் என்பது எங்கள் வகுப்பில் முதல் வாங்கில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். காசு என்று சொன்னால் அடுத்தது ஆதாரம் கேட்பீர்கள். மாமனிடம் ரசீது இல்லை. கேட்கத் தோன்றவில்லையாம். எனவே லஞ்சம் பெற்றுக்கொண்டமைக்கான ஒரு மாதிரிப் படிவத்தை அச்சிட்டு உதவுங்கள்: வாங்கியவர் பெயர், பதவி, படைப்பிரிவு, தொகை, விடுவிக்கப்பட்ட கைதியின் அடையாள அட்டை இலக்கம், இரண்டு சாட்சிகளின் கையொப்பம். சிங்களத்திலும் இருக்கட்டும், ஒப்பமிடுகிறவர் வாசிக்காமல் ஒப்பமிட்டார் என்ற குறை பிறகு வரக்கூடாது. மூன்று பிரதி வேண்டும்: ஒன்று மாமனுக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று முகாம் கோவைக்கு.

இப்படிக்கு,
தங்கள் பரீட்சார்த்திகளின்
டியூஷன் மாஸ்டர்