பம்புசெட் இல்லாத மருதம்: ஓர் ஒலியியல் ஆய்வு

பத்து மணி நேரக் கிராமத்து இரவின் ஒலிப்பதிவைக் காதில் செருகிக்கொண்டு உறங்கும் அடுக்குமாடிவாசி எந்தத் திணையைச் சார்ந்தவர் என்பது புலவர்கள் இன்னும் தீர்க்காத வினா. பழைய இலக்கணத்தில் ஒவ்வொரு திணைக்கும் தனிப் பொழுது, தனிப் பறை, தனிப் பறவை உண்டு. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை. இப்பதிவுகளிலோ யாமத்துப் பூச்சி, வயல் தவளை, மாலையில் வீடு திரும்பும் மாட்டின் மணி எல்லாம் ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. திணைமயக்கம் என்று இதை மன்னிக்கலாம். மன்னிக்கக் கூடாதது வேறொன்று.

அதற்குமுன் சுவர்க்கோழியை விசாரித்துவிடுவோம். ஆண் மட்டுமே பாடும். முன் சிறகுகளை ஒன்றோடொன்று உரசிப் பெண்ணை அழைக்கும். தவளையிலும் கூப்பாடு பெரும்பாலும் ஆணுடையதே. ஆகவே பதிவில் ஓடுவது அமைதியன்று. பத்து மணி நேரப் பெண்பார்க்கும் படலம். 1897இல் ஆமாஸ் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் சுவர்க்கோழியின் குரலிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடச் சூத்திரமே எழுதினார்: நிமிடத்துக்கு 40 முறை என்றால் 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதற்குமேல் நான்கு கத்தலுக்கு ஒரு டிகிரி. ஏசியை 24இல் வைத்துப் போர்த்திப் படுத்திருப்பவர் காதில், எங்கோ ஒரு புழுக்கமான இரவின் வானிலை அறிக்கை விடியவிடிய வாசிக்கப்படுகிறது.

இனி குற்றச்சாட்டு. இந்தப் பதிவில் வரும் கிராமத்தில் ஆளே இல்லை. பம்புசெட் இல்லை. மும்முனை மின்சாரம் ராத்திரி முறை என்றால் டார்ச்சோடு மோட்டார் கொட்டகைக்குப் போகிறவரின் இருமல் இல்லை. மார்கழி விடியலின் குழாய் ஒலிபெருக்கி இல்லை. வரப்புத் தகராறும் இல்லை. தகராறில்லாததை ஊரென்று எந்த விஏஓவும் சான்றிதழ் தரமாட்டார்.

இயற்கை ஒலியை இப்படிச் செப்பனிடும் வழக்கம் பழையதுதான். 1969இல் இர்வ் டைபெல் என்பவர் வெளியிட்ட கடலோசை இசைத்தட்டே ஐபிஎம் கணினியில் ஏற்றித் திருத்தப்பட்டது. அசல் கடல் போதுமான அளவு கடலாக இல்லை போலும்.

பதிவென்றால் திருத்தலாம், நிஜ ஊரென்றால் வழக்குதான் போட வேண்டும். பிரான்சின் ஒலெரோன் தீவில் விடுமுறை வீடு வைத்திருந்த தம்பதியர், மோரிஸ் என்ற சேவல் விடிகாலையில் கூவுகிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் தீர்ப்பு சேவலுக்குச் சாதகமாக வந்தது. 2021 ஜனவரியில் நாட்டுப்புற ஓசைகளையும் வாசனைகளையும் மரபுச் செல்வமாகக் காக்கச் சட்டமே இயற்றினார்கள். வழக்குப் போட்டவர்கள் கிராமத்தை வெறுத்தவர்கள் அல்லர், அங்கேயே வீடு வைத்திருந்தவர்கள். சேவலில் நிறுத்தும் பொத்தானைத் தேடினார்கள், அவ்வளவே. ஊர் ஏக்கம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தப் பொத்தான்மீது உள்ள பாசம் என்பது என் துணிபு.

எனவே மோட்டார் ஓசையை மருதப் பறையாகச் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். ஊரிலிருக்கும் பெரியப்பாவிடம் கள ஆய்வு நடத்தியதில், மோட்டார் ஓடும்போதுதான் அவர் அயர்ந்து தூங்குவார், நின்றால்தான் விழிப்பார் என்பது தெரியவந்தது. பத்து மணி நேர மோட்டார்ச் சத்தம் பதிந்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. அது ஓடிக்கிட்டிருந்தா, நெசமான மோட்டார் நின்னுபோனது எனக்கு எப்படித் தெரியும்?"