படம் பார்த்தால் அடி, படம் பார்த்தால் புள்ளி

நாங்கள் பெடியன்களாக இருந்த காலத்தில், சித்தாண்டியில் படம் பார்த்துவிட்டு விடியப்புறம் வீடு வந்தவனுக்குப் பூவரசங்கம்பு காத்திருக்கும். டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றரை உறுமவிட்டு, ஒரே இரவில் மூன்று படம் ஓட்டுவார்கள். நான் போனதை அப்பாவிடம் சொல்லிக்கொடுப்பது அக்காதான். இன்று அதே அக்கா, மகளின் அறைவாசலில் நின்று, "சத்தம் போடாத, பிள்ளை படிக்கிறாள்" என்கிறார். உள்ளே மருமகள் படம் பார்க்கிறாள். அவள் படிக்கும் ஆங்கில டிப்ளோமாவில் இலக்கியம், எழுத்து, திரைப்படம் மூன்றும் பாடங்கள். படத்துக்கும் புள்ளி உண்டு.

எனக்கு அதில் உண்மையான சந்தோசம். எங்கள் ஆங்கிலம் மனப்பாடத்தோடு முடிந்தது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்வந்த கட்டுரையை வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி ஒப்புவித்தோம். கொழும்பைக் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. சந்தனமடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஈரளக்குளம் வயல்களில், ராவோடு ராவாக யானை இறங்கி வேளாண்மையை மிதித்துவிட்டுப் போயிருக்கும். காலையில் வகுப்பில் உட்கார்ந்து, கூண்டுக்குள் நிற்கும் தெஹிவளை யானையை ஆங்கிலத்தில் எழுதுவோம். வயலுக்கு வந்த யானையை எழுதச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் மட்டக்களப்புக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கிய மண் இது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துத் தமிழ் நாடக மரபோடு பக்கத்தில் வைத்துப் பேசிய நூல் அது. ஆங்கில இலக்கியத்தை நம்முடைய கண்ணால் படிப்பது எப்படி என்று கிட்டத்தட்ட நூறு வருசத்துக்கு முன்னமே ஒரு கிழக்கிலங்கைக்காரர் செய்து காட்டியிருக்கிறார்.

பல்கலைக்கழகமும் எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம்தான். மாவடிவேம்பைத் தாண்டினால் வந்தாறுமூலை. 1981 ஆகஸ்டில் அங்கிருந்த மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. பேராசிரியர் மௌனகுரு அங்கே கூத்தைப் படிப்புக்குரிய விசயமாக்கினார். களரியில் விடிய விடிய ஆடியதைப் பரீட்சைக்கும் எழுதலாம் என்று வந்தபோது, எங்கள் அண்ணாவிமார் நிமிர்ந்து நடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் மருமகளின் ஆங்கில வகுப்பு இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அவளுக்குக் கொடுத்தது லெனாட் வூல்ஃப் எழுதி 1913இல் வெளிவந்த காட்டுக் கிராமத்து நாவலும், அதை வைத்து லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் எடுத்த 'பெத்தேகம' படமும். நல்ல தெரிவு. வெள்ளைக்கார அதிகாரியாக இருந்தவர் எழுதிய கதை, சிங்களப் படமாகி, அதில் வூல்ஃபாக ஆர்தர் சி. கிளார்க்கே நடித்தார். சேனை, கடன், ஊர்த்தலைவனின் கெடுபிடி, சனத்தைத் தின்னும் காடு. பாதிப் படத்தில் அவள் திரும்பிச் சொன்னாள்:

"மாமா, இது நம்மட ஈரளக்குளம் மாதிரியே கிடக்கு."

"அத எழுது மகள்."

"எழுதினா புள்ளி குறைப்பாங்க மாமா. நோட்ஸில இல்லையே."

அவள் கண்டுபிடித்த அந்த ஒன்றுதான் அந்தப் பாடத்தின் உயிர். அதற்குப் புள்ளியில்லை. எழுத்துப் பாடத்திலும் விண்ணப்பக் கடிதம், முறைப்பாட்டுக் கடிதம், கூட்டக் குறிப்பு. பிழைப்புக்கு அவை வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், நாங்கள் தெஹிவளைக்குப் போன மாதிரித்தான் இவளும் போகிறாள்.

ஆங்கிலத்தில் எழுதுவதற்கு எங்களிடம் என்ன இல்லை? முருகன் கோயில் மயில்கட்டுத் திருவிழா இருக்கிறது. வெள்ளத்தில் தோணியேறி வயலுக்குப் போகும் சனம் இருக்கிறது. 1990 செப்டம்பர் 5 இருக்கிறது. அகதி முகாமாகியிருந்த அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அதை வெளியுலகத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னவை பெரும்பாலும் சாட்சியங்களும் ஆணைக்குழு அறிக்கைகளும். அந்த வீடுகளில் வளர்ந்த ஒரு பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் சொல்வது வேறு.

திரைப்படம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வழியிருக்கிறது. 'மக்பெத்'தை குரோசாவா 1957இல் யப்பானியப் படமாக்கியபோது, தன் நாட்டு 'நோ' நாடகத்தின் அசைவையும் முகபாவத்தையும் எடுத்து அதற்குள் வைத்தார். அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, நம்முடைய வடமோடி அரசன் இதே கதைக்கு எப்படி வரவாடுவான் என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறக்காத பிள்ளையும் பேசும்.

ஆங்கிலம் படிப்பிக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் கிழமையிலேயே, நோட்ஸ் கொடுக்க முன்னம், தங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இலக்கணப் பிழையை மறுகா திருத்தலாம். அந்தப் பக்கத்துக்குப் புள்ளி போடுங்கள்.