செலவழித்தபின் கொடுக்கும் வள்ளல்

கேட்டதும் கொடுத்துக் கெட்டவன் கர்ணன். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியோ, அந்த முல்லையின் பேரில் பட்டா இருக்கிறதா, ஆண்டு வருமானம் எவ்வளவு என்று ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. கொடைக்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா? அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள அமெரிக்க வேளாண்மைத் துறையிடம்தான் போகவேண்டும். தொண்டைமானின் ஆயுதச்சாலையை ஔவை எந்த மனசோடு மெச்சினாளோ, அதே மனசோடு நானும் மெச்சுகிறேன்.

அங்கே ‘ஈக்விப்’ என்றொரு திட்டம் 1996 முதல் நடக்கிறது. மண் அரிக்காமல், ஆறு குளம் கெடாமல் பண்ணை நடத்த நினைக்கிறவரின் செலவில் 75 சதவீதம் வரை அரசு ஏற்றுக்கொள்ளும். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர், முன்னாள் படைவீரர், வசதி குறைந்தவர் என்றால் 90 சதவீதம் வரை. எவ்வளவு பெரிய மனசு!

ஒரு மாட்டுப் பண்ணைக்காரரை எடுத்துக்கொள்வோம். மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஓடை. மாடுகள் இறங்கி இறங்கிக் கரை சரிந்து, தண்ணீர் சேறாகிறது. ஓடையோரம் வேலி போட்டு, மாடுகளுக்குத் தள்ளி ஒரு தண்ணீர்த்தொட்டி வைத்தால் போதும். வேலிக்கு 382, தொட்டிக்கு 614 என்று அரசின் பட்டியலில் எண்களே தயாராக இருக்கின்றன. ஆனால் அவர் ஆர்வக்கோளாறில் ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் வேலையைத் தொடங்கிவிட்டால், முன்கூட்டியே விலக்கு வாங்கியிருந்தாலொழிய, அதற்குக் காசு கிடையாது. ஓடை பாட்டுக்கு இன்னொரு மழைக்காலம் சரியட்டும். பொறுத்தார் பூமி ஆள்வார். கையெழுத்தானதும் கம்பியின் கனம், கம்பங்களின் இடைவெளி எல்லாம் அரசு சொன்ன அளவில் அமைய, தன் பணத்தில் வேலியைக் கட்டி முடிக்கிறார். அதிகாரி வந்து சரிபார்க்கிறார். பணம் அதன்பிறகு வரும். அதுவும் கடைக்காரர் போட்ட பில்லுக்கு அல்ல, மாநிலத்துக்கென்று அரசு முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் விலைப்படி. நடுவில் இரும்பு விலை ஏறினால் அந்த ஏற்றத்தை அனுபவிக்கும் பாக்கியம் முழுக்க அவருக்கே.

கையில் காசில்லாத ஏழை என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? அதையும் யோசித்திருக்கிறார்கள். தகுதியுள்ளவருக்குப் பாதித் தொகை முன்பணமாகக் கிடைக்கும்; 90 நாளுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பித் தரவேண்டும். மிச்சப் பாதிக்கு அவர் எங்கே போவார் என்று நுணுகிக் கேட்பது நன்றிகெட்டதனம்.

இத்தனைக்கும் முதலில் வரிசையில் ஜெயிக்கவேண்டும். 2010 முதல் 2020 வரை விண்ணப்பித்தவர்களில் 31 சதவீதம் பேருக்குத்தான் ஒப்பந்தம் கிடைத்தது என்று மின்னசோட்டாவில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டுச் சொன்னது. கிடைக்காதவர்கள் வருந்தவேண்டாம், மறுவருடம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது திட்டத்தின் நீதி உணர்ச்சி. ஒருவர் யாரும் சொல்லாமலே பல வருடமாக, அறுவடைக்குப்பின் நிலத்தைச் சும்மா போடாமல் மூடுபயிர் விதைத்து மண்ணைக் காத்து வருகிறார் என்று வையுங்கள். அந்த மூடுபயிருக்கு ஈக்விப்பில் ஒரு டாலர் கிடையாது. அவர்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாரே! பக்கத்து வயல்காரர் மண்ணையெல்லாம் ஆற்றுக்கு அனுப்பிவிட்டு இப்போது திருந்தச் சம்மதித்தால் அவருக்கு உண்டு. கெட்ட குமாரன் திரும்பி வந்த வீட்டில் விருந்து வைக்கமாட்டார்களா? முன்னவரைப் போன்றவர்களுக்கு வேறொரு திட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. அதிலும் மேலும் புதிதாக ஏதாவது செய்வதாக அவர் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அடுத்தது, பெரியவர்களை மதிக்கும் பண்பு. 1996-ல் சட்டம் எழுதியவர்களுக்கு அது போதவில்லை. ஆயிரக்கணக்கான பன்றிகளையும் மாடுகளையும் கொட்டிலில் அடைத்து வளர்க்கும் பெரும் பண்ணைகளின் சாணக் கிடங்குக்குப் பணம் தரக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். ஓர் ஒப்பந்தத்துக்கு உச்சவரம்பு 50,000 டாலர். சின்ன மனசு. 2002-ல் அந்தத் தடையை எடுத்தார்கள். உச்சவரம்பை 4,50,000 டாலர் ஆக்கினார்கள். நிதியில் 60 சதவீதம் கால்நடை சார்ந்த வேலைகளுக்கே போகவேண்டும் என்றும் விதித்தார்கள். 2018-ல் இது 50 ஆகக் குறைந்தது, ஏதோ கைநடுக்கம். சாணக் கிடங்குக்கு எண் 313. அவ்வளவு சாணத்தை ஒரே இடத்தில் சேர்த்தவருக்கு அதைத் தேக்கிவைக்க ஊர்ப்பணத்தில் தொட்டி. பத்து மாட்டை மேயவிட்டு, சாணத்தை நிலத்திலேயே விட்டு வைப்பவருக்கு இப்படியொரு தொட்டி தேவையே இல்லை. தேவையில்லாதவருக்கு எப்படித் தருவது?

மேற்குக் கான்சாஸுக்கு வாருங்கள். ஓகலாலா நிலத்தடி நீர் வற்றுகிறதே என்று, சுற்றிவரும் தெளிப்பான்களின் குழாய்முனைகளைப் பயிருக்கு அருகே தாழ்த்தி அமைக்க மாநில அரசும் மத்திய அரசும் செலவில் பங்கு கொடுத்தன. தண்ணீர் வீணாகாமல் பயிருக்குப் போனது. மிச்சமானதைக் கண்ட விவசாயிகள் மக்காச்சோளம் மாதிரி தாகம் மிகுந்த பயிருக்கு மாறினார்கள். ஃபைஃபர், லின் என்ற இரு பொருளியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இறைத்த நீர் கூடியிருந்தது. சேமிக்கக் கொடுத்த காசில் கூடுதலாக இறைக்கவைப்பது எல்லாராலும் ஆகிற காரியமா?

அமெரிக்க மண்காப்புத் துறையைத் தொடங்கிவைத்த ஹியூ பென்னட்டுக்கு இப்படிக் காக்கவைக்கும் நிதானம் இல்லை. 1935-ல் அவர் செனட் குழுவின் முன் பேசிக்கொண்டிருந்தபோது, மேற்கிலிருந்து கிளம்பிய புழுதிப்புயல் வாஷிங்டனையே வந்து மூடியது. அது வருமென்று தெரிந்து பேச்சை இழுத்தார் என்பார்கள். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மண்காப்புச் சட்டம் வந்துவிட்டது. இப்போதைய வேகம் வேறு. 2022-ல் மண்காப்புத் திட்டங்களுக்கென்று கூடுதலாக 1,950 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டு, கடன் வாங்கி வேலையை முடித்தவர்கள் காத்திருந்தபோது, 2025 ஜனவரியில் புது அரசு அந்தப் பணத்தை நிறுத்திவைத்தது. பிப்ரவரியில் முதல் தவணையாக விடுவிப்பதாக அறிவித்தது 2 கோடி டாலர். அரசின் கையெழுத்தை மட்டும் நம்பி வாழக்கூடாது என்ற ஞானத்தை இவ்வளவு மலிவாக யார் தருவார்?

ஐடி வேலையை விட்டு அமெரிக்காவிலேயே நிலம் வாங்கி விவசாயம் பார்க்கப்போவதாகச் சொல்லும் நண்பர் உங்களுக்கு இருந்தால், ஈக்விப்பைத் தாராளமாகச் சிபாரிசு செய்யுங்கள். விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குகிறார்கள். ஒப்பந்தம் ஆகும்வரை ஒரு கம்பம்கூட நடவேண்டாம், ஆனபின் கடன் வாங்கி நடவேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். முழுப்பணமும் கையில் இருந்தால் மட்டும் உதவி கேட்கட்டும்.