தராசு அப்பா

மடுல்கெல்ல கடைத்தெருவில், பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கும் தகப்பனைக் கண்டுபிடிப்பது லேசு. அவர் கக்கத்தில் ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் தூரத்து மைத்துனர் ஒருவரின் மின்சார பில். பன்வில பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் யாரையும் விடமாட்டார். "அண்ணே, கண்டி டவுன்ல எந்த ஸ்கூல் நல்லம்?"

பதில் எதுவானாலும் அவர் உடனே நிறுக்க ஆரம்பித்துவிடுவார்.

முதலில் தேசிய பாடசாலை. பெயர் பெரிது, கட்டணம் இல்லை. ஆனால் முதலாம் ஆண்டில் 100 இடம் என்றால் 50 பக்கத்தில் குடியிருப்போருக்கு, 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. வீட்டு உறுதியும் தேர்தல் இடாப்பில் பெயரும் காட்டினால்தான் புள்ளி. "நாலு தலைமுறையா ஒரே லயத்துல இருக்கோம். இதைவிட என்னா வதிவிடம் வேணும்?" என்று அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் லயக் காம்பராவுக்கு யார் உறுதி எழுதிக் கொடுத்தார்கள்? மைத்துனரின் மின்சார பில்லும் அங்கே வேகவில்லை.

அடுத்து இன்டர்நேஷனல் ஸ்கூல். வாசலில் வாட்ச்சர் "குட் மோர்னிங் சேர்" என்று சொன்னதிலேயே ஆங்கிலத்துக்கு முழுப் புள்ளி விழுந்துவிட்டது. உள்ளே மேடம் சொன்னதற்கெல்லாம் "யெஸ், யெஸ்". ஹுலு கங்கையில் கால் நனைக்கக்கூடப் பிள்ளையை விடாதவர், நீச்சல் தடாகப் படத்தைப் பார்த்து இன்னும் பத்துப் புள்ளி சேர்த்தார். லண்டன் பரீட்சைக்கு ஒரு பத்து. கட்டண அட்டையை மட்டும் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்த வகைப் பள்ளிகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகி நடப்பவை என்று யாரோ சொன்னார்கள். "கம்பனின்னா பொறுப்பா நடத்துவான்" என்றார் தராசு அப்பா. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து, தேத்தண்ணிக் கடையில் கம்பனியைத் திட்டாமல் ஒரு பிளேன்டீ குடித்திராத மனிதர்!

மிச்சம் இருப்பது ஊர்ப் பள்ளிக்கூடம். இதை நிறுக்கும்போது மட்டும் குறைகள் பொலபொலவென்று கொட்டும். கூரை ஒழுகுது. கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போயாச்சு. வீட்டுக்காரி மெதுவாக வாய் திறந்தார்.

"ஏங்க, இங்கயே படிச்சு ஸ்கொலசிப் பாஸ் பண்ணினா ஆறாம் ஆண்டுல டவுன் ஸ்கூலுக்கே போகலாங்களே?"

"அதுவரைக்கும் புள்ள தமிழ்லயா பேசிக்கிட்டு இருக்கும்?"

"இருட்டோட எழுப்பி வேன்ல ஏத்துனா, வத்தேகம போறவரைக்கும் தூங்கத்தான் செய்யும். எந்த பாஷையில தூங்கினா என்னாங்க?"

இதற்கு அவரிடம் புள்ளி இல்லை.

கணக்கு டீச்சர் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு மனு அனுப்பத்தான் போன மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடியது. வந்த பெற்றோரை ஒரு வாங்கில் உட்காரவைத்துவிடலாம். தராசு அப்பா வரவில்லை. காரணம் கேட்டதற்கு, "அன்னைக்கு டவுனுக்கு ஸ்கூல் பார்க்கப் போயிருந்தேன்" என்றார்.

1945இல் வந்த இலவசக் கல்வி, தோட்டத்துப் பள்ளிகளை அரசு கையேற்ற எழுபதுகளில்தான் மலையேறி நம்மிடம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. டவுனில் வசதி இருப்பது உண்மை. போக முடிந்தவர் போகட்டும். ஆனால் போகும் நாள்வரை பிள்ளை உட்காரப்போவது இந்த வகுப்பில்தான். ஆகவே தராசு அப்பாமாரே, அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கோப்பை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மனுவில் கையெழுத்துப் போட இன்னும் நிறைய இடம் இருக்கிறது.